கைசென் வீட்டுக்கு வரும்போது

தொழிற்கூடத்தின் தொடர் மேம்பாட்டு முறை பிள்ளை வளர்ப்பில் எங்கே கைகொடுக்கும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

ஒரு வேலையைச் செய்கிறவர்களே அதைச் செய்யும் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு போவதுதான் கைசென். புது இயந்திரத்துக்கோ மேலிடத்து உத்தரவுக்கோ காத்திருப்பதில்லை. கண்ணெதிரே இருக்கும் ஒரு சிறு இடைஞ்சலை எடுத்து, அது ஏன் வருகிறது என்று பார்த்து, ஒரு மாற்றம் செய்து பார்ப்பார்கள். பலன் இருந்தால் அதுவே இனி வழக்கம். இல்லாவிட்டால் விட்டுவிட்டு வேறொன்றை முயல்வார்கள். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த இந்தப் பழக்கத்தை 1986இல் மசாகி இமாய் எழுதிய நூல் உலகெங்கும் கொண்டுசேர்த்தது. இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் கைசென் போர்டும், வேலையிடத்தை ஒழுங்குபடுத்தும் 5எஸ் அட்டவணையும் அன்றாடக் காட்சி.

அங்கே ஷிஃப்ட் முடித்து வீடு திரும்புகிறவர்களில் பலர் பெற்றோர்கள். தொழிற்கூடத்தில் அவர்கள் தீர்க்கப் பழகிய இடைஞ்சல்கள் வீட்டிலும் இருக்கின்றன: தேடினால் கிடைக்காத பொருள், ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பது, கடைசி நேரப் பரபரப்பு, திரும்பத் திரும்ப வரும் அதே தவறு. ஆகவே கைசென் வீட்டுக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுவது இயல்பு. பொருந்தும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திருத்தப்பட வேண்டியது வீட்டின் நடைமுறை. பிள்ளை அங்கே உற்பத்தியாகும் பொருள் அல்ல. பெற்றோரோடு சேர்ந்து அந்த நடைமுறையைத் திருத்தும் ஆள். இந்த இடம் பிசகினால், கைசென் என்ற பெயரில் கண்காணிப்பும் கண்டிப்பும்தான் வீட்டுக்குள் நுழையும்.

தறியில் பிறந்த எண்ணம்

டொயோட்டா நிறுவனத்தின் வேர் ஒரு தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா (1867–1930) 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் ஒன்று அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் துணி முழுக்கப் பழுதாகும். அதைத் தடுக்க ஆள் காவல் நிற்க வேண்டும். அவருடைய தறி அந்தக் காவலைத் தேவையற்றதாக்கியது. கோளாறு வந்த கணமே நிற்பது, நின்ற இடத்திலேயே காரணத்தைத் தேடுவது என்ற கொள்கை, அவர் மகன் கீச்சிரோ 1937இல் நிறுவிய கார் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது.

அதை ஓர் உற்பத்தி முறையாக வளர்த்தவர் தாய்ச்சி ஓனோ (1912–1990). டொயோட்டாவின் அசெம்பிளி லைனில் தொழிலாளியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கயிறு தொங்கும். ஏதாவது சரியில்லை என்று பட்டால் அவர் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் வந்து நிற்பார். குறித்த எல்லைக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும். கயிற்றை இழுத்ததற்காக யாரும் கண்டிக்கப்படக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். கண்டிப்பு விழுந்தால் மறுமுறை யாரும் இழுக்க மாட்டார்கள். கோளாறு காருக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ஓனோவின் காலத்தில் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் (1900–1993) ஜப்பானுக்கு வந்தார். 1950இல் அங்குள்ள விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் அழைப்பில் அவர் நிகழ்த்திய உரைகள் ஜப்பானியத் தொழில்துறையின் போக்கை மாற்றின. அடுத்த ஆண்டே அவர் பெயரில் தரத்துக்கான பரிசு ஏற்படுத்தப்பட்டது. 1998இல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு இந்தியாவிலேயே முதலாவதாக அந்தப் பரிசைப் பெற்றது. 2002இல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. நடக்கும் தவறுகளில் ஆகப் பெரும்பாலானவை வேலை அமைந்திருக்கும் விதத்தால் வருபவை, தனி ஆளின் அலட்சியத்தால் வருபவை சொற்பம் என்பது டெமிங்கின் அடிப்படைக் கருத்து. அவர் போட்ட கணக்கில் முன்னது 94 சதவீதம், பின்னது 6 சதவீதம். பிள்ளை வளர்ப்புக்குக் கைசென் தரக்கூடிய ஆகப் பெரிய பாடம் இந்தக் கருத்தில் இருக்கிறது.

பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற பொறியாளர்கள்

தொழிற்கூட முறையை வீட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி டொயோட்டாவுக்கும் முந்தியது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வாழ்ந்த ஃபிராங்க் கில்பிரெத்தும் லிலியன் கில்பிரெத்தும் வேலை அசைவுகளை ஆராய்ந்த பொறியாளர்கள். கொத்தனார் ஒரு செங்கல் வைக்கச் செய்யும் 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்தவர் ஃபிராங்க். குனிந்து குனிந்து செங்கல் எடுக்கத் தேவையில்லாதபடி, சுவர் உயர உயர ஏற்றிக்கொள்ளக்கூடிய சாரத்தையும் அமைத்தார். லிலியன் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இருவரின் ஆய்வும் உழைப்பவரின் களைப்பைக் குறைப்பதைக் குறியாகக் கொண்டது. மிச்சமாகும் நேரம் அவரவர் மனதுக்குப் பிடித்ததைச் செய்வதற்கே என்பது அவர்கள் கொள்கை.

அவர்களுக்குப் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் ஒரு மகள் சிறுவயதிலேயே தொண்டை அடைப்பான் நோயில் இறந்தாள். மற்ற பதினொரு பேரும் வளர்ந்த வீட்டின் கதையை, அவர்களில் இருவர் 1948இல் ‘சீப்பர் பை த டஸன்’ என்ற நூலாக எழுதினார்கள். அந்த வீட்டுக் குளியலறையில் ஒரு அட்டவணை தொங்கும். பல் துலக்கி, குளித்து, தலை வாரி, படுக்கையைச் சரிசெய்த பிறகு ஒவ்வொரு பிள்ளையும் அதில் தன் இனிஷியலைப் போட வேண்டும். குடும்ப கவுன்சிலும் உண்டு. வீட்டு வேலைப் பங்கீடு முதல் புதிதாக என்ன வாங்குவது என்பது வரை அங்கே பேசி ஓட்டெடுத்து முடிவுசெய்தார்கள். நாய் வளர்க்க வேண்டும் என்ற தீர்மானம் தந்தையின் எதிர்ப்பை மீறி நிறைவேறியது. அவரும் அதற்குக் கட்டுப்பட்டார்.

இந்த வீட்டு ஏற்பாட்டின் பலம், பலவீனம் இரண்டையும் ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. கூடுதல் காசு வேண்டிய பிள்ளைகள் பெரிய வேலைகளுக்கு டெண்டர் கொடுக்கலாம். குறைந்த தொகை கேட்பவருக்கு வேலை. பின்பக்கத்து நீண்ட வேலிக்குப் பெயின்ட் அடிக்க எட்டு வயது மகள் 47 சென்ட் கேட்டாள். அவளுக்கு ரோலர் ஸ்கேட் வாங்கும் ஆசை. வேலை அவள் வயதுக்கு மிக அதிகம் என்று லிலியன் சொல்லியும், ஒப்புக்கொண்டதை முடித்துப் பழகட்டும் என்று ஃபிராங்க் விட்டுவிட்டார். பள்ளி விட்டு வந்த பிறகும், விடுமுறை நாள் முழுவதும் அடித்து, பத்து நாளில் முடித்தாள். கைகள் கொப்பளித்துப்போயின. அவள் அழுதபடி காசு வாங்க வந்தபோது, தலையணைக்கு அடியில் பார்க்கச் சொன்னார் தந்தை. அங்கே ஸ்கேட் இருந்தது. பிள்ளையை நம்பி வேலை கொடுத்தது நல்லது. சக்திக்கு மீறிய சுமை என்று தெரிந்த பிறகும் நிறுத்தாதது தவறு. டொயோட்டாவில் தவிர்க்க வேண்டியவை என்று மூன்றைச் சொல்வார்கள்: வீண், ஏற்ற இறக்கம், அளவுக்கு மீறிய பாரம். வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவதைத்தான்.

1924இல் ஃபிராங்க் திடீரென இறந்ததும், பெண் பொறியாளரை ஏற்கத் தயங்கிய தொழிற்சாலைகள் விலகிக்கொண்டன. லிலியன் தன் ஆய்வை வீட்டின் பக்கம் திருப்பினார். 1927இல் இல்லத்தரசியின் வேலையைப் பற்றியும், 1928இல் பிள்ளைகளோடு வாழ்வதைப் பற்றியும் நூல்கள் எழுதினார். 1929இல் அவர் வடிவமைத்த மாதிரிச் சமையலறையில், ஒரு ஸ்ட்ராபெரி கேக் செய்ய நடக்க வேண்டிய தப்படிகள் 281இலிருந்து 45ஆகக் குறைந்தன. வேகமாக நடக்கும்படி அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பும் மேஜையும் பாத்திரங்களும் இருந்த இடம்தான் மாறியது. பிள்ளைகள் விஷயத்திலும் பின்பற்றத்தக்க வழி அதுதான்.

ஐந்து முறை ‘ஏன்’

காரணத்தைத் தேட ஓனோ சொல்லிக்கொடுத்த வழி, ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்பது. இயந்திரம் நின்றது, ஏன்? பாரம் அதிகமாகி ஃப்யூஸ் போனது. பாரம் ஏன் அதிகமானது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிருந்தது. முதல் பதிலோடு நின்றால் ஃப்யூஸை மாற்றுவார்கள். சில நாளில் அது மறுபடி போகும். ஐந்தாவது பதிலில்தான் வடிகட்டி கண்ணுக்குத் தெரிகிறது.

நான்காம் வகுப்புப் பையன் அடிக்கடி ஸ்கூல் வேனைத் தவறவிடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வேன் ஏன் போய்விட்டது? வேன் வந்து நின்றபோதும் அவன் கணக்கு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தான். காலையில் ஏன் தேடினான்? இரவே பையை அடுக்கி வைக்கவில்லை. ஏன் அடுக்கவில்லை? ஹோம்வொர்க் முடியவே ஒன்பதரை ஆனது; அப்படியே தூங்கிவிட்டான். ஏன் அவ்வளவு நேரம்? எட்டு மணிக்குத்தான் உட்கார்ந்தான். ஏன் எட்டு மணிக்கு? கணக்குச் சொல்லித்தரும் அப்பா எட்டு மணிக்குத்தான் வேலையிலிருந்து வருகிறார்; மற்ற எல்லாப் பாடங்களும் அவருக்காகச் சேர்ந்து காத்திருக்கின்றன.

காலை ஏழே முக்காலுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது, முந்தைய நாள் மாலையின் வரிசைக் கோளாறு. தமிழையும் ஆங்கிலத்தையும் ஆறரை மணிக்கே தானாக முடித்துவிட்டு, கணக்கில் புரியாததை மட்டும் அப்பாவுக்கு வைத்துக்கொள்ளலாம். முடித்த நோட்டு முடித்த கையோடு பைக்குள் போகலாம். காலையில் சத்தம் போடத் தேவை இருக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இயந்திரத்தைப் பார்த்துக் கேட்கும் ‘ஏன்’ விசாரணை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் ‘ஏன்’ குற்றச்சாட்டு. ‘ஏன்டா இப்படிப் பண்ணினே?’ என்றால் பதிலாக மௌனம் வரும், அல்லது பொய் வரும். ‘காலையில எந்த இடத்துல லேட் ஆகுது, சேர்ந்து பார்ப்போமா?’ என்றால் தகவல் வரும். கேள்வி நடந்த காரியத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். பதிலைத் தேடுவதில் பிள்ளையும் பங்காளியாக இருக்க வேண்டும்.

திட்டினால் திருந்துகிறார்களா?

டெமிங் தன் பயிற்சி வகுப்புகளில் சிவப்பு மணிச் சோதனை ஒன்றை நடத்துவார். ஒரு பெட்டியில் வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கலந்து கிடக்கும். ஐந்தில் ஒன்று சிவப்பு. 50 குழிகள் கொண்ட பலகையைப் பெட்டிக்குள் விட்டு எடுப்பதுதான் வேலை. சிவப்பு மணி வந்தால் பழுது. வகுப்பில் உள்ள சிலர் தொழிலாளிகள், டெமிங் மேனேஜர். ஏழு சிவப்பு எடுத்தவருக்குப் பாராட்டு, பதினைந்து எடுத்தவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் பெரும்பாலும் பாராட்டுப் பெற்றவர் பின்னுக்குப் போவார், திட்டு வாங்கியவர் முன்னுக்கு வருவார். இவை எதிலும் தொழிலாளியின் திறமைக்கு இடமே இல்லை. பெட்டியில் சிவப்பு மணி இருக்கும் வரை பலகையில் வந்துகொண்டுதான் இருக்கும்.

திட்டு பலிப்பதாகத் தோன்றுவது ஏன் என்பதை உளவியலாளர் டேனியல் கானமன் விளக்கினார். இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு அவர் வகுப்பெடுத்தபோது, பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று ஒரு பயிற்சியாளர் வாதிட்டார். கானமன் தரையில் சாக்பீஸால் ஒரு குறி வரைந்தார். ஒவ்வொருவரையும் குறிக்கு முதுகு காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல் இரண்டு முறை நாணயம் எறியச் சொன்னார். முதல் எறி குறிக்கு அருகே விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது தள்ளி விழுந்தது. முதலில் தள்ளி எறிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது நெருங்கி வந்தது. அங்கே யாரும் யாரையும் பாராட்டவில்லை, திட்டவுமில்லை. வழக்கத்தைவிட மிக நல்லதாக அமைந்த ஒன்றுக்கு அடுத்தது வழக்கமான அளவுக்கு இறங்குவதும், மிக மோசமான ஒன்றுக்கு அடுத்தது வழக்கமான அளவுக்கு ஏறுவதும் இயல்பு.

மதிப்பெண்களுக்கும் இது பொருந்தும். வழக்கமாக எழுபதை ஒட்டி வாங்கும் பெண் ஒரு தேர்வில் 58 வாங்குகிறாள். வீட்டில் பெரிய ரகளை. அடுத்த தேர்வில் 69. திட்டியதால்தான் ஏறியது என்று பெற்றோர் நம்புகிறார்கள். திட்டாவிட்டாலும் அவள் எழுபதை ஒட்டித்தான் வந்திருப்பாள் என்பதைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இப்படித்தான் திட்டு வீட்டில் ஒரு முறையாக நிலைத்துவிடுகிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் டியூஷனை மாற்றுவது, நேரத்தை மாற்றுவது, விளையாட்டை நிறுத்துவது ஆகியவையும் இதே வகை. சீராக ஓடும் ஒன்றை ஒவ்வொரு முடிவுக்கும் திருகிக்கொண்டே இருந்தால் அதன் ஏற்ற இறக்கம் கூடவே செய்யும் என்று டெமிங் வேறொரு சோதனையில் காட்டினார். ஐந்தாறு தேர்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொத்தமாக இறங்குகிறதா, அல்லது ஒரு தேர்வு மட்டும் காய்ச்சலாலோ தோழியோடு வந்த சண்டையாலோ விழுந்ததா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒப்பீட்டையும் டெமிங் கடுமையாக எதிர்த்தார். கடைசிக் காலத்தில் எழுதிய நூலில், மாறுவேடப் போட்டிப் பரிசும் பள்ளி கிரேடுகளும் மனிதனின் உள்ளார்ந்த ஆர்வத்தைச் சிறுவயதிலேயே நசுக்கத் தொடங்குவதாக எழுதினார். ரேங்க் கார்டை வைத்து அண்ணனையும் தங்கையையும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஒப்பிடும் வீடுகள் கவனிக்க வேண்டிய கருத்து இது. பாராட்டிலும் கவனம் தேவை. 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் வெளியிட்ட ஆய்வில், கெட்டிக்காரர்கள் என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து எளிய கேள்விகளையே அதிகம் நாடினார்கள். நன்றாக உழைத்தீர்கள் என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமானவற்றை எடுத்தார்கள்.

கயிற்றை இழுக்கும் உரிமை

தொழிற்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரத்தக்கவற்றில் விலைமதிப்பற்றது டொயோட்டா லைனில் பார்த்த அந்தக் கயிறு. சைக்கிள் உடைந்தது, தேர்வில் ஃபெயிலானது, வேனில் ஒருவன் தொந்தரவு செய்வது, போனில் யாரோ தப்பான படம் அனுப்பியது ஆகியவை வீட்டில் கயிறு இழுக்கப்பட வேண்டிய தருணங்கள். பிள்ளை உடனே வந்து சொல்லுமா, மறைக்குமா என்பது முன்பு சொன்னபோது என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்டுங்கள் என்பது டெமிங் வகுத்த 14 நெறிகளில் ஒன்று. பயம் உள்ள இடத்தில் மேலே வரும் தகவல் எல்லாம் பொய்யாகிவிடும் என்பதுதான் அதன் காரணம்.

கெட்ட செய்தி கொண்டுவரும் பிள்ளைக்கு முதலில் கிடைக்க வேண்டியது, ‘சொன்னியே, அது நல்லது’ என்ற வார்த்தை. அடுத்தது உதவி. தவறுக்கான பொறுப்பும் திருத்தமும் அதற்குப் பிறகு. இதனால் கண்டிப்பு இல்லாமல் போய்விடாது. உண்மை சொன்னதற்குத் தண்டனை இல்லை என்ற உறுதி மட்டுமே அங்கே நிலைபெறுகிறது. பெற்றோரும் அதே கயிற்றை இழுக்கலாம். ‘அப்பாவுக்கு இப்போ கோபமா இருக்கு, அரை மணி கழிச்சுப் பேசலாம்’ என்பது பழுது பரவும் முன்பே லைனை நிறுத்துவது.

வாரம் ஒரு கூட்டம்

குடும்பக் கூட்டம் தொழிற்கூடத்திலிருந்து மட்டும் வந்ததல்ல. வியன்னாவில் ஆல்ஃபிரட் ஆட்லரிடம் பயின்று அமெரிக்காவில் குடியேறிய மனநல மருத்துவர் ருடால்ஃப் டிரைகர்ஸ், 1964இல் வந்த தன் பிள்ளை வளர்ப்பு நூலில் பிள்ளைகளும் சம உரிமையோடு பேசும் குடும்ப கவுன்சிலை வலியுறுத்தினார். சிறிது சிறிதாகச் செய்து அடிக்கடி கூடித் திருத்திக்கொள்ளும் மென்பொருள் குழுக்களின் ‘அஜைல்’ முறையை வீட்டில் பின்பற்றிய ஒரு அமெரிக்கத் தம்பதி 2009இல் தங்கள் அனுபவத்தைக் கட்டுரையாக்கினர். எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் 2013இல் தன் நூல் மூலம் அதைப் பரப்பினார். அவர் சொல்லும் கூட்டத்தில் மூன்றே கேள்விகள்: இந்த வாரம் வீட்டில் எது நன்றாக நடந்தது, எது நன்றாக நடக்கவில்லை, வரும் வாரம் எதில் கவனம் வைப்போம்.

இருபது நிமிடம் போதும். எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு நேரம், போன்கள் வேறு அறையில். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களும் உட்கார வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எடுத்த முடிவு மறுநாளே உடையும். முதல் கேள்வியைத் தாண்டாமல் இரண்டாவதுக்குப் போகக் கூடாது; நல்லதைச் சொல்லாமல் தொடங்கும் கூட்டம் இரண்டே வாரத்தில் விசாரணைக் கமிஷனாகிவிடும். இரண்டாவது கேள்வி வீட்டைப் பற்றியது. ‘தம்பி எப்பவும் சண்டை போடுறான்’ என்பதை ‘ஏழு மணிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே டேபிள் வேண்டியிருக்கு’ என்று மாற்றிச் சொல்லப் பழக வேண்டும். மூன்றாவதில் ஒன்று அல்லது இரண்டு விஷயங்கள் மட்டும். என்ன மாற்றம் என்பதைப் பிள்ளைகள் முதலில் சொல்லட்டும். பெற்றோர் செய்யும் தவறும் மேஜைக்கு வர வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அப்பா போன் பார்ப்பதைப் பத்து வயதுப் பெண் எடுத்துச் சொல்லி, அவரும் அதை ஏற்றுப் போனை எடுத்துவைத்தால், கூட்டம் உண்மையானது என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

கை எட்டும் உயரம்

5எஸ் என்பது வேண்டாததை நீக்குவது, வேண்டியதற்கு இடம் குறிப்பது, துப்புரவு, அதை வழக்கமாக்குவது, கைவிடாமல் தொடர்வது. வீட்டில் இதன் பயன் பெரிதும் இரண்டாவதில் இருக்கிறது. பை மாட்டும் கொக்கி ஆறு வயதுப் பிள்ளையின் தோள் உயரத்தில் இருந்தால் பை தரையில் கிடக்காது. ஷூவுக்குள்ளேயே சாக்ஸ், வாசலருகே ஒரே இடத்தில் ஐடி கார்டு, தானே எடுத்து நிரப்பும்படி தண்ணீர் பாட்டில். 1907இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் நாற்காலியும் அலமாரியும் பிள்ளைகளின் அளவுக்கே செய்யப்பட்டன. பொருள் கைக்கு எட்டினால் பிள்ளை தானாகச் செய்யும் என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது. ‘எத்தனை தடவை சொல்றது?’ என்ற சலிப்பு எழும் இடத்திலெல்லாம், சொல்லத் தேவையில்லாதபடி எதை மாற்றலாம் என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

தொழிற்கூட முறை நிற்க வேண்டிய இடம்

முதல் எல்லை: வீட்டில் இலக்கு எண் கிடையாது. தொழிற்கூடத்தில் குறைந்த நேரம் நல்லது. வீட்டில் சில வேலைகள் நேரம் எடுக்கத்தான் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தானே சட்டைப் பித்தான் போட எடுக்கும் ஐந்து நிமிடம் வீண் அல்ல. இரவில் அதே கதையை நாலாவது முறை கேட்பதும் வீண் அல்ல. காலைப் பரபரப்பில் மிச்சம் பிடிக்கும் நேரம் இவற்றுக்குச் செலவாக வேண்டியது. அந்த நேரத்தில் இன்னொரு வகுப்பைச் செருகினால் மேம்பாட்டின் நோக்கமே தோற்றுப்போகும்.

இரண்டாவது எல்லை, சுமை யார் தோளில் விழுகிறது என்பது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். புது அட்டவணையை எழுதுவதும் ஒட்டுவதும் நினைவூட்டுவதும் அம்மாவுக்கே வந்து சேர்ந்தால், அந்த வீட்டில் மேம்பட்டது எதுவும் இல்லை. வேலைகளைப் பட்டியலிட்டு யார் எதைச் செய்கிறார்கள் என்று எழுதிப் பார்ப்பதே பல வீடுகளுக்கு முதல் கைசெனாக இருக்கத் தகுந்தது.

மூன்றாவது எல்லை, முழுமை. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், குழந்தைக்கு வேண்டியது குறையே இல்லாத தாய் அல்ல, போதுமான அளவு நல்ல தாயே என்று 1950களில் எழுதினார். குழந்தை வளர வளர, தாயின் சிறு குறைகளைத் தாங்கிக்கொள்ளும்போதுதான் அது உலகத்துக்குப் பழகுகிறது. 1970களில் உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் தாய்–சேய் முகபாவங்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். ஆரோக்கியமான உறவிலும் இருவரும் அடிக்கடி ஒத்திசைவு தவறுகிறார்கள், பிறகு சேர்ந்துகொள்கிறார்கள் என்று அவர் கண்டார். அந்தத் திரும்பச் சேர்தலே பிணைப்பை வளர்க்கிறது. கத்திவிட்ட தந்தை அன்றிரவே வந்து மன்னிப்புக் கேட்பது எந்த அட்டவணையையும்விடப் பெரிய திருத்தம்.

தொடங்கும் விதம்

கைசென் சிறியதில் தொடங்கும். வீட்டில் தினமும் வரும் எரிச்சல்களில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். முதல் வாரம் எதையும் மாற்றாமல் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்: எத்தனை நாள் வந்தது, எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன நடந்தது. பிறகு எல்லோரும் கூடி ‘ஏன்’ கேட்டு ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே சமயத்தில் நான்கை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. இரண்டு வாரம் செய்துபார்த்து, பலித்தால் வழக்கமாக்கலாம். பலிக்காவிட்டால் யார்மீதும் பழி போடாமல் கைவிடலாம். திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்று டெமிங் கற்பித்த சுழற்சி இவ்வளவுதான்.

பிள்ளை வளர வளர முறையும் மாற வேண்டும். ஐந்து வயதில் படம் ஒட்டிய அட்டவணை உதவும். பத்து வயதில் பிள்ளையே அதை எழுத வேண்டும். பதின்ம வயதில் அட்டவணையை எடுத்துவிட்டு உடன்பாட்டுக்கு வர வேண்டும்; தன் நேரத்தைத் தானே பிரித்துப் பழகும் வயது அது. பலனை அளக்கவும் தனிக் கருவி வேண்டாம். வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறதா, அம்மாவுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறதா, பிள்ளைகள் கெட்ட செய்தியைத் தாமே வந்து சொல்கிறார்களா, அடுத்து எதை மாற்றலாம் என்று அவர்களே கேட்கிறார்களா? நான்குக்கும் ஆம் என்றால் முறை பொருந்தியிருக்கிறது. எதற்காவது இல்லை என்றால், அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியது அதுதான்.